புளியமரத்துக்கு அடித்த பட்டை: நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை என்று தமிழ்நாட்டுச் சாலைகளைக் கவனித்துவரும் கோட்டப் பொறியாளர்களுக்கும், அவர்களுடைய உதவிப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

இருபத்தேழு வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் நைட் ஹால்ட் வண்டி. ராத்திரி ஒன்பது மணிக்கு டவுனில் எடுத்து, பதினொன்றுக்குக் கடைசி ஊரில் வண்டியைப் போட்டுவிட்டு, கோயில் திண்ணையிலோ வண்டிக்குள்ளேயோ படுத்து, விடிகாலை நாலரைக்கு முதல் நடை எடுக்கிற வேலை. நீங்கள் ஆய்வுக்கு வருவது பகலில். ஜீப்பை நிறுத்தி இறங்குவீர்கள், டேப் பிடித்து அளப்பீர்கள். எனக்கு உங்கள் சாலை ஹெட்லைட் வெளிச்சம் விழுகிற தூரத்துக்குத்தான் தெரியும். ஆனால் அந்தத் தூரத்துக்குள் எது கண்ணில் படும், எது படாது என்பது எனக்கு அத்துப்படி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் தடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மதகுகள், அதாவது தண்ணீர் அடியில் போக ரோடு மேலே போகிற குட்டிப் பாலங்கள், உண்டு. ஒற்றை வழியாகக் கிடந்த தார் ரோட்டை இரண்டு வழியாக அகலப்படுத்தியபோது மதகுகளை மட்டும் விட்டுவிட்டார்கள். ரோடு தாராளமாக வந்து, மதகுக்கிட்டே சட்டென்று ஒடுங்கும். கைப்பிடிச் சுவர் ஒரு முழம் ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பகலில் சின்னப் பிள்ளைகூட விலகிப் போய்விடும். ராத்திரியில் எதிரே ஒரு லாரி பிரைட்டில் வந்தால் அந்தச் சுவர் இருப்பதே தெரியாது.

ஒரு கார்த்திகை மாதம், மில்லில் ஓவர்டைம் முடித்து பைக்கில் வந்த பையன் முதல் மதகில் மோதிக் கிடந்தான். முதலில் போய் நின்றது எங்கள் வண்டிதான். கண்டக்டர் 108க்குப் போன் போட்டார், நான் அவன் தலையைத் துண்டில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது வேலை இல்லாமல் போயிருந்தது. காகிதத்தில் எழுதப்பட்டது வழக்கமான வாசகம்: அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து. அவன் வேகமாக வந்தானா என்று எனக்குத் தெரியாது. அங்கே சுவர் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல அந்த ரோட்டில் எதுவும் இல்லை, அது எனக்குத் தெரியும்.

பத்து நாளில் அந்த மதகுக்கு இருபுறமும் மஞ்சள் கறுப்பு அடித்து, ஒளிரும் பலகை நட்டார்கள். நல்லது. இரண்டாவது மதகு அப்படியே கிடந்தது. அதே வயது, அதே அகலம், அதே போல நீட்டிய சுவர். சாலை ஆய்வாளரை டீக்கடையில் பார்த்தபோது கேட்டேன். "அங்கே இன்னும் ஆக்சிடென்ட் ஆகலையே டிரைவர்ண்ணே" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்களும் இல்லை. விபத்துப் பட்டியலில் உள்ள இடத்தைச் சரிசெய் என்பதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. இந்தக் கடிதம் முழுக்க, இன்னும் ஆக்சிடென்ட் ஆகலையே என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்தான்.

பட்டியல் எப்படித் தயாராகிறது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைக்கு வைத்திருக்கும் கணக்குப்படி, சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருடத்தில் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து 5 நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது பிளாக் ஸ்பாட். அப்புறம் ஆய்வு, எஸ்டிமேட், நிதி ஒதுக்கீடு, டெண்டர். என் இரண்டாவது மதகு எந்த ஜென்மத்திலும் அந்தப் பட்டியலில் ஏறாது. முதல் மதகே ஏறாது. ஒருவன்தானே செத்தான்?

2022இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இந்தியாவிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர், உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். ஒரு நாளைக்கு 49 பேர் என்று ஆகிறது. நான் ஓட்டிய வண்டியில் உட்கார்ந்து வருபவர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதுதான். இவர்கள் எல்லாரும் பிளாக் ஸ்பாட்டில் போய்ச் சாகவில்லை. அதே வருடம் இந்தியா முழுவதும் இறந்த 1,68,491 பேரில் தேசிய நெடுஞ்சாலையில் இறந்தவர்கள் 36 சதவிகிதம். மாநில நெடுஞ்சாலையில் 24 சதவிகிதம். மிச்சம் 39 சதவிகிதம் மற்ற ரோடுகளில். அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் உங்களைப் போன்றவர்களும் ஊராட்சிகளும் பார்த்துக்கொள்கிற ரோட்டில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று சிதறிச் சாகிறார்கள். ஒரு மதகில் ஒருவர், அடுத்த வருடம் வேறொரு மதகில் இன்னொருவர். இடம் மாறுகிறது, மதகு மட்டும் மாறுவதில்லை.

இதற்கு வழி தெரியாதவர்கள் இல்லை நீங்கள். உங்கள் துறையின் பழைய ஆட்கள் செய்து காட்டிவிட்டார்கள். நம் ரோட்டோரப் புளியமரங்களைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை, அதன் மேல் ஒரு நம்பர். எந்த மரத்தில் எத்தனை பேர் மோதினார்கள் என்று கணக்கெடுத்தா அந்தப் பட்டையை அடித்தார்கள்? மூன்று வருடத்தில் ஐந்து பேர் மோதிய மரத்துக்கு மட்டும் அடி என்று யாராவது சொன்னார்களா? ரோட்டோரம் நிற்கிற மரமா, அடி பட்டை. அவ்வளவுதான் விதி. சுண்ணாம்பும் கரியும் கூலியும்தான் செலவு. அந்தப் பட்டையைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பிய ராத்திரிகளை எண்ணினால் எனக்கு விரல் போதாது. புளியம்பழ ஏலத்தில் வந்த காசே அந்தச் சுண்ணாம்புக்குப் போதுமாக இருந்திருக்கும் என்று எங்கள் டெப்போவில் கிண்டலாகச் சொல்வோம்.

மரத்துக்குச் செய்ததை மதகுக்கும், வளைவுக்கும், கிளைச் சாலை வந்து சேரும் வாய்க்கும் செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. கோட்டத்தில் உள்ள எல்லாவற்றுக்கும். விபத்து நடந்ததா என்று கேட்காமல்.

என் மகள் சிவில் படித்தவள். நான் இப்படிப் புலம்புவதைக் கேட்டுவிட்டு, அமெரிக்காவில் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள் அப்பா என்று எடுத்துக் காட்டினாள். தென் கரோலினா மாநிலத்தில் சிக்னல் இல்லாத, கிளை ரோட்டில் மட்டும் நிறுத்தற் பலகை இருக்கிற நூற்றுக்கணக்கான சந்திப்புகளை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சின்னச் சின்ன வேலைகளைச் செய்திருக்கிறார்கள். பலகையைப் பெரிதாக்குவது, இடது வலது இரண்டு பக்கமும் வைப்பது, பலகைக் கம்பத்திலேயே ஒளிர்பட்டை ஒட்டுவது, நிறுத்தக் கோடு போடுவது, செடி கொடியை வெட்டுவது. மேம்பாலம் இல்லை, நில எடுப்பு இல்லை. உயிரிழப்பும் காயமும் ஏற்படுத்தும் விபத்துகள் மொத்தத்தில் 10 சதவிகிதம் குறைந்தன, கிராமப்புறச் சந்திப்புகளில் 27 சதவிகிதம். போட்ட ஒரு பங்குக்குப் பன்னிரண்டு பங்கு பலன் என்று கணக்குப் போட்டிருக்கிறது அங்குள்ள கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம்.

பத்து சதவிகிதம்தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஒரு சந்திப்பில் சிக்னலும் தீவும் ஹைமாஸ்ட் விளக்கும் வைத்து அங்கே விபத்தைப் பாதியாக்கினால் பத்திரிகையில் படம் வரும். நூறு சந்திப்பில் பத்து சதவிகிதம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. சாகாமல் வீடு போய்ச் சேர்ந்தவனுக்கே தெரியாது. அங்கே கிடைத்த சதவிகிதம் அப்படியே இங்கே கிடைக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நம் ரோட்டில் ஆடு மாடு, டிராக்டர், எதிர்த்திசையில் வரும் டூவீலர் எல்லாம் உண்டு. ஆனால் இருட்டு அங்கும் இருட்டுதான், கண்ணும் அதே கண்தான்.

கண்ணைப் பற்றிச் சொன்னதால் ஓரக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த மூத்த டிரைவர் முதலில் சொன்ன பாடம்: எதிர் வண்டிக்காரன் டிம் பண்ணாமல் வந்தால் அவன் லைட்டைப் பார்க்காதே, இடதுபக்க ஓரத்தைப் பார்த்துப் போ. ஓரத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு நொடி குருட்டுத்தனமாகப் போய்விடலாம். கோடு இல்லையென்றால்? தாரும் மண்ணும் ஒரே நிறம். அந்த நான்கு நொடியில் ஓரத்தில் சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருந்தால் அவர் விதியும் என் விதியும் சேர்ந்துதான் முடிவாகும். நடுக்கோட்டைப் பெரும்பாலும் போட்டுவிடுகிறீர்கள், ஓரக் கோட்டில்தான் மிச்சம் பிடிக்கிறீர்கள். எனக்குக் கேட்டால், இரண்டில் ஒன்றுக்குத்தான் பெயின்ட் இருக்கிறதென்றால் ஓரத்துக்குப் போடுங்கள் என்பேன். பொறியாளர்கள் இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். இரண்டு வழிக் கிராமப்புறச் சாலையில் நாலு அங்குல ஓரக் கோட்டை ஆறு அங்குலமாக்கினாலே, சந்திப்பு அல்லாத இடங்களில் உயிரும் உடம்பும் சேதமாகிற விபத்துகள் 37 சதவிகிதம் வரை குறையலாம் என்று அதே அமெரிக்க நிர்வாகம் சொல்கிறது. இரண்டு அங்குலப் பெயின்ட்!

கோட்டின் கதையே வேடிக்கையானது. 1917இல் கலிபோர்னியாவின் இண்டியோ ஊர்ப் பக்கம் ஜூன் மெக்கரோல் என்ற பெண் டாக்டர் கார் ஓட்டிப் போகும்போது, எதிரே வந்த லாரி அவரை ரோட்டை விட்டு மணலில் இறக்கிவிட்டது. ரோட்டுக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. தானே பிரஷ்ஷை எடுத்துத் தன் வீட்டுப் பக்கத்து ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டார். 1924இல் மாநில அரசே அந்த யோசனையை எடுத்துக்கொண்டது. ஏழு வருடம். நம் ஊர் வேகத்தோடு ஒப்பிட்டால் பரவாயில்லை.

இன்னொன்று, மழை. தெர்மோபிளாஸ்டிக் பெயின்ட்டில் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவுகிறீர்களே, அதுதான் ராத்திரியில் நம் லைட்டை நமக்கே திருப்பி அனுப்புகிறது. ரோட்டில் தண்ணீர் ஒரு படலமாக நின்றால் மணிகள் மூழ்கிவிடும், கோடு மறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். அப்போது தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பது, ரோட்டில் பதிக்கிற ஒளிரும் குமிழான கேட்ஸ் ஐ மட்டும்தான். வளைவுகளிலாவது அதைப் பதியுங்கள். ஆனால் தயவுசெய்து அதையே ஆறு வரிசை நெருக்கமாகப் பதித்து வேகத்தடை ஆக்காதீர்கள். சில ஊர்களில் செய்கிறார்கள். மழையில் டூவீலர் டயர் அதில் வழுக்குகிறது.

புது ரோடு. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஒரு ரோட்டின் ஆயுளிலேயே ஆபத்தான ராத்திரிகள், அது புதிதாகப் போடப்பட்ட முதல் சில வாரங்கள்தான் என்பது என் அனுபவம். குண்டு குழி இல்லை, வண்டி தானாக வேகமெடுக்கிறது. ரோடு மை போலக் கறுப்பு, வெளிச்சத்தை அப்படியே குடித்துவிடும். கோடு போடும் மிஷின் எப்போது வரும் என்று தெரியாது, ஒப்பந்ததாரர் அதை அடுத்த பில்லுக்கு வைத்திருப்பார். பழைய பலகைகளைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். வேகமும் இருட்டும் சேர்ந்து வருகிற அந்த நாட்களில் ஊரே ரோடு நன்றாயிருக்கிறது என்று சந்தோஷமாயிருக்கும். சராசரி வேகம் ஒரு சதவிகிதம் கூடினால் உயிர் போகிற விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவிகிதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தார் போட்ட அன்றைக்கே நிரந்தரக் கோடு போட முடியாது, சரி. வளைவுகளிலும் மதகுகளிலும் மட்டுமாவது, தற்காலிகமாகச் சுண்ணாம்புக் கோடு இழுங்கள். சுண்ணாம்பு தெரிந்த துறைதானே நீங்கள்.

புது ரோட்டோடு வருகிற இன்னொரு தொல்லை பெர்ம், அதாவது தாரை ஒட்டிய மண் ஓரம். ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே தார் ஏற ஏற, ஓரத்து மண் பள்ளத்தில் கிடக்கிறது. பஸ் டயருக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு வழிவிட ஒதுங்குகிற மொபெட்காரருக்கு அது படிக்கட்டு. இறங்கினால் விழுவார், மறுபடி ஏற முயன்றால் என் வண்டிக்கு முன்னால் விழுவார். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுதினார். வீடுகள் ரோட்டைவிடப் பள்ளமாகிவிடுகின்றன என்பதற்காகச் சொன்னது அது, மொபெட்காரருக்கும் பொருந்தும். சுரண்ட முடியாத இடத்தில் ஓரத்தில் கிராவல் கொட்டிச் சரிவாக ரோலர் ஓட்டுங்கள்.

இனி கிளைச் சாலை. 2022 விபத்துகளில் 67 சதவிகிதம் நேரான ரோட்டில் நடந்தவை என்று அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. ரோடு நேர்தான். ஆனால் அந்த நேரான ரோட்டில் கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று இடத்தில் ஊர்ப்பாதை வந்து சேர்கிறது. அந்த வாய் சீமைக் கருவேலத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பால் கேனோடு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி மேட்டில் ஏறி நேராக மெயின் ரோட்டில் வந்து விழும். ஓட்டி வருபவருக்கு நானும் தெரியமாட்டேன், எனக்கு அவரும் தெரியமாட்டார். பிரேக்கில் நின்றுகொண்டு, பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் முன்கம்பியில் முட்டிக்கொள்ள, நான் திட்டுவேன். அவரும் திட்டுவார். கருவேலத்தை யாரும் திட்டுவதில்லை.

செய்ய வேண்டியது என்ன? வேகத்தடையை மெயின் ரோட்டில் போடாமல் ஊர்ப்பாதையில் போடுங்கள், வாய்க்குச் சில மீட்டர் முன்னால். டிவிஎஸ்காரர் தானாக நிதானிப்பார். அங்கே ஒரு நில் பலகையும் கோடும். மெயின் ரோட்டில் எங்களுக்கு, இடதுபக்கம் கிளைச் சாலை வருகிறது என்று ஒளிரும் பலகை. இரண்டு பக்கமும் இருபது இருபத்தைந்து மீட்டருக்குக் கருவேலத்தை வேரோடு எடுத்துவிடுங்கள். வெட்டினால் ஐப்பசி மழைக்கு மறுபடி ஆளுயரம் நிற்கும். முன்பெல்லாம் ரோட்டில் கேங் ஆட்கள் அரிவாளும் மண்வெட்டியுமாக நிற்பார்கள், பஸ் டிரைவர்களுக்குக் கைகாட்டுவார்கள், எந்தக் கிளை எங்கே மறைக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது அவர்களைப் பார்ப்பது குறைந்துவிட்டது. இந்தக் கடிதத்தில் நான் சொல்கிற பாதி வேலை அவர்கள் கைவேலைதான்.

மெயின் ரோட்டு வேகத்தடை எப்படி வருகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். விபத்து, மறியல், தாசில்தார் பேச்சுவார்த்தை, மறுநாள் காலை ஒரு வேகத்தடை. ராத்திரியோடு ராத்திரியாகக் குவித்த தார்க்குவியல், பெயின்ட் இல்லை, முன்னெச்சரிக்கைப் பலகை இல்லை. சாலைக்கான தர அளவுகளை வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு கொடுத்திருக்கிற அளவு அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். ஆமை முதுகு மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு உடம்பு அதிராமல். நம் ஊரில் போடுவது மாட்டின் முதுகெலும்பு மாதிரி இருக்கிறது. அதில் கடைசி சீட்டில் இருந்த கர்ப்பிணி ஒருத்தி தூக்கிப் போடப்பட்டு, அன்றைக்கு நான் வாங்கிய ஏச்சு நியாயமானது. உயிரைக் காப்பாற்ற வந்த வேகத்தடை கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து அடுத்த உயிரை எடுப்பது, எங்கள் பக்கத்து ஊரில் நான் பார்த்தது. மறியல் செய்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், வேறு எந்த மொழியில் அவர்கள் கேட்பது? ஆனால் நீங்கள் முன்கூட்டியே போயிருந்தால் அளவாகப் போட்டிருப்பீர்கள்.

பஸ் நிறுத்தத்தைச் சந்திப்புக்கு முன்னாலிருந்து தாண்டிய பக்கத்துக்கு மாற்றினால், இறங்கியவர்கள் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ரோட்டைக் கடப்பது குறையும். பைசா செலவில்லை. நிழற்குடை மட்டும் எம்.எல்.ஏ. தொகுதி நிதியில் பெயர் எழுதிக் கட்டியதாக இருக்கும், அதை நகர்த்துவது மேம்பாலம் கட்டுவதைவிடக் கஷ்டம்.

பலகைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லா இடத்திலும் செய்யுங்கள் என்று கேட்கிறேனே தவிர, கண்ட இடத்தில் பலகை நடுங்கள் என்று கேட்கவில்லை. பொய் சொல்லும் பலகை இல்லாத பலகையைவிட மோசம். வேலை முடிந்து மூன்று வருடமாகியும் சாலைப்பணி நடைபெறுகிறது என்று நிற்கும் பலகை, மூடிய பள்ளிக்கூடத்துக்குப் பள்ளி என்ற பலகை, ஆளில்லாத நேர் ரோட்டில் 20 என்ற வேக எல்லை. நான்கு பலகை பொய் சொன்னால் ஐந்தாவதை டிரைவர் நம்பமாட்டான். ஐந்தாவதுதான் நிஜமான வளைவாக இருக்கும். வளைவில் அம்புக்குறிப் பலகைகளை வரிசையாக வைத்தால் ராத்திரி விபத்துகள் 25 சதவிகிதம் குறைகின்றன என்று படித்தேன். அது உண்மையான வளைவில், வெளிப்பக்கத்தில், ஹெட்லைட் படும் உயரத்தில் வைத்தால்தான். பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் காப்பாற்றுவது உங்கள் பாடு. அடிக்காலில் கான்கிரீட் போடுங்கள்.

டிரைவர்கள் குடிக்கிறார்கள், செல்போன் பேசுகிறார்கள், ஹெல்மெட் போடுவதில்லை, ரோடு என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். என் சாதிக்காரர்களான டிரைவர்களை நான் காப்பாற்ற வரவில்லை, அவர்களோடு இருபத்தேழு வருடம் இருந்தவன். ஆனால் தவறு செய்கிற மனிதன் ஓட்டுவான் என்று தெரிந்துதானே ரோடு போடுகிறீர்கள்? வளைவில் கைப்பிடிச் சுவர் கட்டுவது ஏன்? சட்டமும் இப்போது அப்படித்தான் பேசுகிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிர் போனாலோ ஊனமானாலோ, பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எஸ்டிமேட்டில் கோடும் பலகையும் கடைசி வரியில் இருந்து, நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுகிறதே, அந்த வெட்டுக்கான கையெழுத்தை மேலதிகாரி கேட்கும்போது இந்தப் பிரிவைக் காட்டி மறுக்கலாம்.

இந்தச் சின்ன வைத்தியம் எல்லாவற்றுக்கும் ஆகாது. தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற லாரிக்கு முன்னால் வெள்ளைக் கோடு ஒன்றும் செய்யாது, அங்கே பெரிய வேலைதான் வேண்டும். நான்குவழிச் சாலையில் மீடியனை உடைத்து ஊர் மக்கள் கடக்கும் இடத்துக்குச் சுரங்கப்பாதைதான் தீர்வு. அதையெல்லாம் விடச் சொல்லவில்லை. அதற்குக் காத்திருக்கும் வருடங்களில் மற்ற ஆயிரம் இடங்களைச் சும்மா விடாதீர்கள் என்கிறேன். மும்பை புனே அதிவேகச் சாலையில் 2016இல் 151 பேர் இறந்தார்கள். தடுப்பு இல்லாத கான்கிரீட் முனைகளை மூடுவது, ஒளிரும் குச்சிகள் நடுவது, தடுப்பு வேலியின் இடைவெளிகளை அடைப்பது என்று கிலோமீட்டர் கிலோமீட்டராக நடந்து சரிசெய்தார்கள், காவல்துறையின் கண்காணிப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். சில வருடங்களில் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. அதுவும் நம் நாடுதான், நம் டிரைவர்கள்தான்.

நம் மாநிலம் இதில் பின்தங்கிய மாநிலமும் இல்லை. சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் கோவை கங்கா மருத்துவமனை எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்ட பிறகான 48 மணி நேரத்துக்கு அரசு பொறுப்பேற்றுக்கொண்டது. அடிபடுவதற்கு முந்தைய நான்கு நொடி உங்கள் கையில் இருக்கிறது.

வேலையை இப்படி ஆரம்பிக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு நிதியாண்டுக்கு ஒரே ஒரு வகை. முதல் வருடம் மதகு. கோட்டத்தில் உள்ள ரோட்டைவிட ஒடுங்கிய அத்தனை மதகுக்கும், இரு பக்கமும் நான்கு சுவர் முனைக்கும் ஒளிரும் பலகை. ஒரு மதகுக்கு ஒரு பஸ் டயர் விலைக்குள் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. நான் டயர் விலை அறிந்தவன், பலகை விலை நீங்கள் அறிந்தவர்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். அடுத்த வருடம் கிளைச் சாலை. அதற்கடுத்து வளைவு. விபத்து நடந்த இடங்களை இப்போது போலீஸார் செல்போன் செயலியிலேயே பதிவுசெய்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய முறை அது. அந்தக் கணக்கை, எந்த இடத்தைச் சரிசெய்வது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளாமல், எந்த வகையான இடத்தில் ஆட்கள் சாகிறார்கள் என்று பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதகில் ஒருவர் செத்தால், மற்ற மதகுகளுக்கும் அது செய்திதான்.

என் தடத்தில் மட்டும் அறுபத்து மூன்று இடங்களை ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கிலோமீட்டர் கல் நம்பரோடு. எந்த இடத்தில் எது தெரியாது, மழையில் எது மறையும், எந்தக் கிளையில் எத்தனை மணிக்குப் பால் வண்டி வரும் என்பது வரைக்கும். எங்கள் டெப்போவில் என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் ஏழெட்டு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு தடம் சொல்வார்கள். கேட்டால் கொடுக்கிறோம்.

அதற்கு முன்னால் ஒருமுறை நீங்களே வந்து பாருங்கள். ஜீப் வேண்டாம். ஐப்பசி மழை பிடித்தபிறகு, அமாவாசையை ஒட்டி ஒரு நாள் சொல்லுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசி வண்டி. டிரைவருக்கு இடதுபக்கம் இருக்கிற முன்சீட்டை உங்களுக்காகத் துண்டு போட்டு வைக்கிறேன். இரண்டாவது மதகு வரும்போது சொல்லமாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிக்கெட் என் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர்